மனித உரிமைச் சட்டம்: உடன்படிக்கையிலிருந்து நீதிமன்றம் வரை

கடனைத் திருப்பிச் செலுத்த வழியற்ற ஒருவரைச் சிறையில் அடைக்கலாமா? பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் சிறு கடை நடத்தும் ஒருவர், வியாபாரம் நொடித்து வங்கிக் கடனில் மூழ்கிவிட்டார் என்று கொள்வோம். கடன் தொகைக்கு நீதிமன்றம் தீர்ப்பாணையும் வழங்கிவிட்டது. அவருக்குத் துணை நிற்கும் விதி ஒன்று ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையில் உள்ளது. அந்த விதி அவரை எவ்வாறு வந்தடைகிறது என்பதை ஆராய்வதே சர்வதேச மனித உரிமைச் சட்டக் கல்வியின் மையப் பொருளாகும்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. பிரகடனம் என்பதால் அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அக்குறையை நீக்க 1966-ல் இரு உடன்படிக்கைகள் உருவாயின. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளைப் பற்றியது. மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளைப் பற்றியது. 1976-ல் நடைமுறைக்கு வந்த இவ்விரண்டிலும் இந்தியா 1979-ல் இணைந்தது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிலிடலாகாது என்பது முதல் உடன்படிக்கையின் 11-ஆம் விதி.

ஆயினும், உடன்படிக்கையில் இணைந்த மாத்திரத்தில் அது உள்நாட்டுச் சட்டமாகிவிடுவதில்லை. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அவ்வதிகாரத்தை அரசியலமைப்பின் 253-ஆம் பிரிவு அளிக்கிறது. பாங்க் ஆஃப் கொச்சின் தொடர்பான வழக்கில் 1980-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதனை ஒப்புக்கொண்டது. அதேபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவை, உடன்படிக்கையின் 11-ஆம் விதியோடும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவோடும் இணைத்து நோக்கினார். வெறும் நிலுவை சிறைக்குக் காரணமாகாது. செலுத்த வசதியிருந்தும் தீய எண்ணத்துடன் மறுப்பது தெளிவாக வேண்டும் என்பது முடிவு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும் இவ்வழியையே பின்பற்றிற்று. அதற்கெனத் தனிச் சட்டம் 2013-ல்தான் வந்தது.

சர்வதேச அரங்கில் அமலாக்கம் இதனினும் மென்மையானது. 18 வல்லுநர்கள் கொண்ட மனித உரிமைக் குழு, அரசுகள் அளிக்கும் அறிக்கைகளை ஆய்ந்து கருத்துரைக்கிறது. தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆகவே உள்நாட்டு அமைப்புகளே முதன்மையான காவல். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. மாநில ஆணையங்களும் தோன்றின. பொது ஊழியர் இழைத்த மீறலை ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். ஆணையம் சாட்சிகளை அழைத்து விசாரிக்கலாம், இழப்பீடும் பரிந்துரைக்கலாம். எனினும் அதன் முடிவு பரிந்துரையே, ஆணையன்று.

இந்த இடைவெளியால்தான் இக்கல்வி இன்றியமையாததாகிறது. பெங்களூரிலுள்ள தேசியச் சட்டப் பள்ளி, தொலைநிலைக் கல்வி வழியாக இத்துறையில் பட்டயப் படிப்பு நடத்தி வந்துள்ளது. உடன்படிக்கையின் வாசகத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் பயன் விளையாது. எந்த உரிமையை எந்த மன்றத்தில், எந்தக் காலவரம்புக்குள் கோருவது என்பதை வழக்கறிஞரும் அலுவலரும் அறிந்திருக்க வேண்டும். தம் கையிருப்பைக் கணக்குடன் எடுத்துக்காட்டி, மறுப்பு வேறு, இயலாமை வேறு என்று நீதிமன்றத்தில் சொல்ல அந்தக் கடைக்காரருக்குக் கற்றுத்தர ஒருவர் இருந்தால், உடன்படிக்கை அவரை வந்தடைந்துவிட்டது என்றே பொருள்.