அரை மில்லிமீட்டர் சீவலில் 200 கிராம் தூசி

600 மி.மீ. அகலமும் 900 மி.மீ. நீளமும் உள்ள ஒரு எம்டிஎஃப் பலகையின் முகத்தை அரை மில்லிமீட்டர் சீவினால் எவ்வளவு தூள் விழும்? 270 கன சென்டிமீட்டர். எம்டிஎஃப்பின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 200 கிராம். பொழுதுபோக்காக, கணினிக் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் வாங்கியவர்கள் வீட்டு அறைக்குள்ளேயே, சத்தம் வெளியே போகக்கூடாது என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஒரே அமர்வில் இவ்வளவையும் உண்டாக்கிவிடுகிறார்கள். இழைப்புளியில் சுருள் சுருளாகச் சீவல் விழுமே, அந்த வேலை அல்ல இது. எம்டிஎஃப் என்பதே பொடித்த மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தது. சுழலும் வெட்டுமுனையான பிட் பட்டதும் மாவாகத்தான் உதிரும்.

10 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்றால் அதில் 28 கன மீட்டர் காற்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியிடக் காற்றில் வன்மரத் தூசிக்கு 2023 முதல் உள்ள உச்சவரம்பு, 8 மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். நம் அறை அந்த அளவைத் தொட 57 மில்லிகிராம் மிதந்தால் போதும். மேலே சொன்ன 200 கிராமில் அது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. தரையில் குவிந்து கிடப்பதைப் பார்த்து, பெருக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும் அந்த மூன்று பங்குதான்.

சீவுவதற்கு அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியம் உண்டு. சிஎன்சி ரவுட்டரின் பெட், அதாவது வேலை மேடை, மேல் போட்டு முடுக்கும் பலிப்பலகைதான் ஸ்பாயில்போர்டு. பிட் வேலைப்பொருளைத் துளைத்துக் கீழே இறங்கினாலும் அலுமினிய பெட்டில் போய் மோதாமல் இந்தப் பலகை வெட்டுப்படும். ஆனால் கடையிலிருந்து வரும் பலகையும் சரி, அதைத் தாங்கும் பெட்டும் சரி, பிட் ஓடும் தளத்துக்கு முழுக்க இணையாக இருப்பதில்லை. ஓர் ஓரத்தில் செதுக்கும் எழுத்து ஆழமாகவும் மறு ஓரத்தில் மேலோட்டமாகவும் விழுவது இதனால்தான். எனவே அந்த இயந்திரத்தைக் கொண்டே பலகையின் முகத்தை ஒருமுறை சீவிச் சமப்படுத்துகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் எம்டிஎஃப் ஈரம் குடித்து உப்பினாலும், கீறல்கள் பெருகினாலும், மறுபடி சீவ வேண்டியிருக்கும். பலகை போடும்போதே விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசிவிட்டால் உப்புவது குறையும். சீவும் தடவைகள் குறைந்தால் தூசியும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆபத்து சீவும் நாளில்தான் தொடங்குகிறது என்றில்லை. பலகையை முடுக்கும் நாளிலேயே விதை போட்டுவிடுகிறோம். 18 மி.மீ. பலகையில் திருகின் தலை மேல்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் இரண்டாவது, மூன்றாவது சீவலில் பிட் அதைத் தொட்டுவிடும். பிட்டின் கார்பைடு இரும்பில் மோதினால் வெட்டுவாய் சிதறும், தீப்பொறியும் பறக்கும். அந்தப் பொறியை வாக்குவம் குழாய் உறிஞ்சிக்கொண்டு போய்த் தூசிப்பையில் போட்டால், நீங்கள் வேலை முடிந்து போன பிறகும் அது உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். திருகுத் தலை 8, 10 மி.மீ. ஆழத்தில் உட்கார்ந்திருக்கும்படி குழியை அகலமாகத் துளையுங்கள். இரும்புக்குப் பதில் நைலான் அல்லது பித்தளைத் திருகு நல்லது. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் மீதிப் பருமனைப் பலகையின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எவ்வளவு எடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

சீவும் பிட் மற்ற பிட்களைவிட மிகப் பெரியது; வழக்கமாக 22 அல்லது 25 மி.மீ. விட்டம். சிறு இயந்திரங்களில் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலாக மாட்டும் டிரிம் ரவுட்டர்களில் பல, நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் 25 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. விலை குறைந்த பிட்களில் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சிட்டிருக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழேயே ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு 0.3 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரை இறக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் பிட் விட்டத்தில் பாதிக்கு மேல் நகராதபடி வழி அமைத்தால் போதும். பலகை முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுவிட்டு ஓட்டினால், கோடு அழியாத இடம்தான் பள்ளம். அவசரப்பட்டு ஒரேயடியாக ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இயந்திரத்தில் சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்றே வாங்கியவர் நம்புவார். பல சிறு இயந்திரங்களில் அந்தப் பொத்தான் அச்சு நகர்த்தும் மோட்டார்களை மட்டுமே நிறுத்தும். பிட்டைச் சுழற்றும் ரவுட்டருக்குத் தனி வயர், தனி சுவிட்ச். பலகை மேல் நகர்வு நின்றிருக்கும், பிட் மட்டும் அதே இடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். கரன்ட் போனாலும் இதே கதைதான். சுவிட்ச் ஆனிலேயே இருக்க, மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் தானாகச் சுற்றத் தொடங்கும். அந்த நேரம் உங்கள் கை தூசியைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். மின்வெட்டு பழகிப்போன நம் ஊரில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. இயந்திரம், ரவுட்டர், வாக்குவம் மூன்றையும் ஒரே கான்டாக்டர் வழியாக இணைத்து, மின்சாரம் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும்படி எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் அவசியம். இரண்டு முள் பிளக்கோடு வந்த உலோக உடல் இயந்திரத்தை எர்த் கொடுக்காமல் ஓட்டாதீர்கள்.

தூசிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இதற்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஹை விக்கம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கினுள் வரும் அரிய புற்றுநோய் ஒன்று அந்தப் பகுதி மரத்தளவாடத் தொழிலாளரிடம் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதைக் கவனித்தார். தொடர்ந்து வந்த ஆய்வுகளின் முடிவாக, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. எம்டிஎஃப் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் 2004இல் அதே பிரிவுக்கு வந்தது. அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுவதும் தூசிக்குள் நின்றவர்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை பலகை சீவுபவரை அவர்களோடு ஒன்றாக வைக்க முடியாது, பயமுறுத்துவது என் நோக்கமும் அல்ல. ஆனால் ஆஸ்துமா, தோல் அரிப்பு, கண் எரிச்சல் ஆகியவற்றுக்கு அத்தனை ஆண்டு தேவையில்லை. அந்த அறையில் தூங்கும் குழந்தைக்கும் மூச்சு இரைக்கும் அம்மாவுக்கும் இயந்திரத்தின் மேல் எந்த ஆசையும் கிடையாது என்பதையும் நினைக்க வேண்டும்.

துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. ஐஎஸ் 9473 முத்திரையோடு வரும் எஃப்எஃப்பி2 அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்க் வாங்குங்கள். முகத்தில் இடைவெளியில்லாமல் படிந்தால்தான் பலன். தாடி இருந்தால் படியாது. பிட்டைச் சுற்றி பிரஷ் வைத்த உறையும் அதோடு இணைத்த வாக்குவமும் மாஸ்க்கைவிட முக்கியம், ஏனென்றால் அவை தூசியைக் காற்றில் கலக்கும் முன்பே பிடித்துவிடுகின்றன. வாக்குவத்துக்கு ஹெபா ஃபில்டர் வேண்டும். சாதாரணப் பை நுண்தூளைப் பின்பக்கம் வழியாகத் திரும்ப அறைக்கே அனுப்பும். கம்ப்ரசர் வைத்து ஊதுவதும், சீலிங் ஃபேனைப் போட்டுக்கொண்டு பெருக்குவதும் படிந்ததை எழுப்பிவிடும் வேலை. ஈரத்துணியால் துடையுங்கள். பையை அன்றே வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ரம்பத்தூளை அடுப்பெரிக்கவும் கோழிக்கூண்டில் பரப்பவும் பயன்படுத்துவது நம் வழக்கம். பிசின் கலந்த எம்டிஎஃப் தூளை அந்த இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். ஒரு பக்க மூக்கு மட்டும் நீண்டநாள் அடைத்திருந்தாலோ, அடிக்கடி ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மரத்தூசியில் வேலை செய்வதை அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

இனி, இயந்திரத்திலேயே குறை இருந்தால் என்ன செய்வது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் பொருளால் நேர்ந்த தீங்குக்கான பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராவிட்டாலும், அதனால் காயமோ நோயோ வேறு சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்று கையேட்டில் ஒரு வரி இல்லாதது, என் பார்வையில், இந்த வகையில் வாதாடக்கூடிய குறை. "தயாரித்தது வெளிநாட்டுக்காரன், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று விற்றவர் கைகழுவவும் முடியாது. உற்பத்தியாளர் யார் என்று தெரியாவிட்டாலும், இந்தியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், பொறுப்பு விற்பனையாளர் மேல் வரும் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவில் பில் போட்டுக் கொடுப்பவரிடம் வாங்குவது சில ஆயிரம் கூடுதலானாலும் அதனால்தான் மேல்.

இரண்டு எச்சரிக்கைகள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ இருந்தால் 87ஆம் பிரிவு விற்பனையாளருக்குத் தப்பிக்க வழி தரும். எனவே எர்த், கான்டாக்டர் வேலைகளைச் செய்யுமுன் இயந்திரம் வந்த நிலையைப் படமெடுத்து, குறையை எழுத்தில் தெரிவித்து, எலக்ட்ரீஷியனிடம் பில் வாங்குங்கள். அடுத்தது, வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற விதி. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை அந்த விலக்கு பாதிக்காது; நாலைந்து பெயர்ப்பலகை விற்றதாலேயே உரிமை போய்விடாது.

இணையத்தில் வாங்கியிருந்தால் முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பில், பெட்டி பிரித்த வீடியோ, உடைந்த பிட்டின் துண்டுகள், மருத்துவச் சீட்டு எதையும் எறியாதீர்கள். உடைந்த பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

உரிமை நமக்கு மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை சத்தத்தின் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. இதைவிட 10 டெசிபல் கூடினால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் தரலாம். உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மாஸ்க்கும் காதடைப்பானும் உங்கள் செலவு. அவருக்கு வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தருவது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே முதலாளியின் கடமை. பட்டறை வீட்டு மாடியில் இருக்கிறது என்பதால் அது மாறாது.