இணைப்பை மறந்த மெயில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வடக்கே கிளம்பும் லாரிக்கு எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆந்திரம். மாநில எல்லை கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். அதோடு இன்வாய்ஸ், டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் வாங்குபவருக்கு மெயிலில் போக வேண்டும். டெஸ்பாட்ச் மேசையில் இருப்பவர் 'பில் இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு, பில்லைச் சேர்க்காமலேயே அனுப்பிவிடுவார். அவசர வேலையில் யாருக்கும் நேர்வதுதான்.

இதைத் தடுக்கும் வசதியை ஜிமெயில் 2008-லேயே சோதனை முயற்சியாகத் தந்தது. 'அட்டாச்' போன்ற சொல் கடிதத்தில் இருந்து, கோப்பு இல்லாவிட்டால், அனுப்பும் முன் செயலி ஒருமுறை கேட்கும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சொற்களைத் தேடுவது?

தமிழில் சிக்கல் இங்கேதான். இணைத்துள்ளேன், இணைப்பில் காண்க, இணைக்கப்பட்டுள்ளது என்று வடிவம் மாறிக்கொண்டே போகும். சரி, 'இணை' என்ற வேரை மட்டும் பிடிப்போம் என்றால், இணையதளம் என்று எழுதினாலும் எச்சரிக்கை வரும். தொழிற்சாலைகள் அடிக்கடி கடிதம் எழுதும் 'இணை இயக்குநர்' அலுவலகத்தின் பெயருக்கும் வரும். பலரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பதில் கடிதத்தின் அடியில் தொங்கும் பழைய கடிதத்தில் அந்தச் சொல் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். காரணமில்லாமல் நாலு முறை கேட்கும் செயலிக்கு, ஐந்தாவது முறை படிக்காமலே 'ஓகே' அழுத்திவிடுவார்கள். அன்று உண்மையாகவே பில் விடுபட்டிருக்கும்.

அதனால்தான் பயனர் சோதனை வேண்டியிருக்கிறது. 'இந்த வசதி பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். மாதிரி பில்லைக் கொடுத்து, வழக்கம்போல அனுப்பச் சொல்ல வேண்டும். எழுதும்போது நடுவில் ஒரு போன் வரட்டும், வேலை தடைபடட்டும். எச்சரிக்கை வந்ததும் அவர் படித்தாரா, படிக்காமல் தள்ளினாரா என்று பார்க்க வேண்டும். அவர் தடுமாறும்போது சொல்லிக் கொடுக்கத் துடிக்கும் வாயை அடக்குவதுதான் சோதிப்பவருக்குக் கடினமான வேலை.

5 பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனர்களுக்குத்தான். சென்னை ஓஎம்ஆரின் 5 மென்பொருள் ஊழியர்கள், காக்களூர் தொழிற்பேட்டையின் கணக்கருக்கு ஈடாக மாட்டார்கள். ஸோகோ மெயிலை 2008-ல் கொண்டுவந்த நிறுவனம் கூடுவாஞ்சேரி அருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மெயில் செயலி செய்பவர்களுக்கு இந்த மேசைகள் அரைநாள் பயணம்கூட இல்லை.

எச்சரிக்கையும் தவறினால், அனுப்பியதை நிறுத்தும் 'அன்டூ' உண்டு. ஜிமெயிலில் 2009-ல் சோதனையாக வந்து, 2015-ல் எல்லோருக்குமான வசதியானது. போய்ச் சேர்ந்த மெயிலை அது திரும்ப இழுப்பதில்லை; 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் பிடித்து வைக்கிறது. அந்த விநாடிகளில் ஒருவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார், திரையையா, வாசலில் நிற்கும் டிரைவரையா என்பதை கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.