அடிபம்பு எப்படிக் கலையாகும்? பஸ்தரில் பெண் கலைஞர்கள் தொடங்கிய ஒரு பரிமாற்றத்தின் கதை

"யக்கா, கொஞ்சம் தூக்கி விடுங்க..."

அடிபம்பில் தண்ணீர் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். குடத்தை நிரப்புவது பாதி வேலைதான். நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து எடுத்து இடுப்புக்கோ தலைக்கோ ஏற்றுவது மீதிப் பாதி. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் மொத்தப் பாரமும் முதுகுக்கும் கழுத்துக்கும்தான் போகும்.

தினமும் நடக்கும் இந்தச் சின்ன விஷயத்தை ஒரு கலைஞர் தன் வேலையின் மையமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியில் உள்ள கொண்டாகாவோனில் அதுதான் நடந்தது. மும்பையைச் சேர்ந்த கலைஞர் நவ்ஜோத் அல்தாஃபும் அந்த ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து அமைத்த அடிபம்பு மேடைகளைப் பற்றி இன்று கலை வரலாற்றுப் புத்தகங்கள் பேசுகின்றன.

அடிபம்பு எப்படிக் கலையாகும்? அதில் கலாசாரப் பரிமாற்றம் எங்கே இருக்கிறது? இந்த மாதிரி வேலைகளில் பெண்கள் ஏன் முன்னால் நிற்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்தக் கலைக்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் 'சோஷியலி என்கேஜ்டு ஆர்ட்' என்கிறார்கள். நாம் 'சமூகப் பங்கேற்புக் கலை' என்று வைத்துக்கொள்ளலாம். சிம்பிளாகச் சொன்னால், கலைஞர் தனியாக உட்கார்ந்து ஒரு படைப்பை முடித்து கேலரியில் மாட்டுவதோடு நிற்காமல், ஒரு இடத்து மக்களோடு சேர்ந்து வேலை செய்வது. அங்கே நடக்கும் பேச்சு, கூட்டம், வாக்குவாதம், சமையல், கட்டுமானம் எல்லாமே படைப்பில் சேர்த்தி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், செய்தவர்கள் என்ற கோடு அழிந்துவிடும்.

இது புதுசு கிடையாது. அமெரிக்கக் கலைஞர் சூசன் லேசி 1970களிலிருந்தே இப்படித்தான் வேலை செய்கிறார். 1995இல் அவர் தொகுத்த 'மேப்பிங் த டெரெய்ன்' என்ற புத்தகம், பொதுக்கலை என்றால் பூங்காவில் நிறுத்தும் சிலை மட்டும்தானா என்ற கேள்வியைப் பெரிதாக எழுப்பியது.

கொண்டாகாவோனில் என்ன நடந்தது?

ராய்ப்பூரிலிருந்து ஜக்தல்பூர் போகும் சாலையில் இருக்கிறது கொண்டாகாவோன். 'டோக்ரா' எனும் உலோக வார்ப்புக்குப் பேர்போன ஊர். களிமண் உருவத்தின் மேல் மெழுகு இழைகளைச் சுற்றி, அதற்கு மேல் மறுபடி மண் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளையை ஊற்றினால் சிற்பம் தயார். மரச் செதுக்கல், இரும்பு வேலை, மண்பாண்டம் எல்லாமே இங்கே உண்டு.

இவ்வளவு இருந்தும் ஒரு பிரச்சினை. நகரத்துக் கலைக்கூடத்தில் ஒரு சிற்பம் இருந்தால் செய்தவரின் பெயரும் வருஷமும் கீழே இருக்கும். கொண்டாகாவோன் சிற்பம் எம்போரியத்தில் இருந்தால், பெரும்பாலும் விலைச்சீட்டு மட்டும்தான். முன்னது 'கலை', பின்னது 'கைவினை'. அங்கே பெயர் உண்டு, இங்கே கிடையாது.

நவ்ஜோத் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறார். 1949இல் மீரட்டில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தவர். 1970களில் இடதுசாரி இளைஞர் இயக்கமான 'ப்ரோயோம்'மில் இருந்தவர். 1990களின் பிற்பகுதியில், இந்திய கலை அறக்கட்டளையின் நிதி உதவியோடு கொண்டாகாவோன் போகிறார். கைவினைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கவோ அவர்களை வைத்து தன் படைப்பைச் செய்து வாங்கவோ அவர் போகவில்லை. ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து அவரவர் வேலையைச் செய்வோம், அதைப் பற்றிப் பேசுவோம் என்பதுதான் திட்டம்.

மரச்சிற்பி சாந்திபாய், ராஜ்குமார், கெஸ்ஸுராம் ஆகியோர் அவரோடு தொடர்ந்து வேலை செய்தவர்கள். மரத்தைச் செதுக்குவது ஆண்கள் வேலை என்று பார்க்கப்பட்ட இடத்தில் சாந்திபாய் உளியை எடுத்தவர். சில மாதங்களில் முடிய வேண்டிய திட்டம் அப்படி முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்டது. இவர்கள் சேர்ந்து கொண்டாகாவோனிலேயே ஒரு கலைஞர் அமைப்பையும் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

சரி, அடிபம்பு எப்போ வந்தது?

சேர்ந்து பேசப் பேச, பேச்சு சிற்பத்திலிருந்து ஊருக்குப் போனது. ஊரில் எல்லோரும் தினமும் பார்க்கும், ஆனால் யாரும் கவனிக்காத இடம் எது? அடிபம்பு.

நம்ம ஊரிலும் இந்தக் காட்சி உண்டு. பம்பைச் சுற்றி ஒரு சிமெண்ட் தளம். அதைத் தாண்டினால் சேறு, தேங்கிய தண்ணீர், கொசு. பம்பை நட்டவர்கள் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பிடிப்பவர் எங்கே நிற்பார், குடத்தை எப்படித் தூக்குவார் என்று யோசிக்கவில்லை.

'நல்பர்' என்ற பெயரில் இந்தக் கலைஞர்கள் அந்த இடங்களைப் புதிதாக வடிவமைத்தார்கள். 'குழாயடியில்' என்று அர்த்தம் கொள்ளலாம். அங்கே தண்ணீர் பிடிக்கும் பெண்களோடும் சிறுமிகளோடும் பேசித்தான் வடிவம் முடிவானது. பம்பைச் சுற்றிச் சுவர் எழுந்தது. அந்தச் சுவரிலேயே குடத்தை வைக்க மாடங்களும் திட்டுகளும். நிறைந்த குடத்தை முதலில் அதில் ஏற்றி வைக்கலாம், மூச்சு வாங்கிக்கொள்ளலாம், பிறகு அங்கிருந்து தலைக்கு ஏற்றலாம். 'தூக்கி விடுங்க' என்று ஆள் தேட வேண்டாம். சுவர்களின் உருவங்களும் சின்னங்களும் அந்த ஊர் வழிபாட்டிலிருந்தும் கலை மரபிலிருந்தும் வந்தவை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொது இடத்தில் பெண்கள் நின்று நிதானமாகப் பேசக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன? டீக்கடையோ மரத்தடித் திண்ணையோ பெரும்பாலும் ஆண்களுடையது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மட்டும் 'இங்க ஏன் நிக்கிற?' என்று யாரும் கேட்க முடியாது. நல்பர் அந்த இடத்தை நின்று பேசத் தகுந்த இடமாக மாற்றியது. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் கிராண்ட் கெஸ்டர் 2011இல் வெளியிட்ட 'த ஒன் அண்ட் த மெனி' புத்தகத்தில் இந்த வேலையை விரிவாக எடுத்துப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வந்தது 'பில்லா குடி'. ஹல்பி மொழியில் 'குழந்தைகளின் கோயில்'. முதல் வார்த்தையைக் கேட்டால் தமிழ்க் காதுக்குப் 'பிள்ளை' என்றே விழும். கோயில் என்று பெயர் இருந்தாலும் அங்கே பூஜை நடப்பதில்லை. ஆதிவாசிக் குழந்தைகளும் மற்றவர்களும் கூடி வரையவும் பேசவும் ஒருவரிடமிருந்து ஒருவர் தெரிந்துகொள்ளவும் கட்டிய இடம்.

இதெல்லாம் நடந்த நிலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2005க்குப் பிறகு பஸ்தரின் பல பகுதிகள் சல்வா ஜுடும், மாவோயிஸ்ட் மோதல்களில் சிக்கிக் கிடந்தன. வெளியிலிருந்து வருகிறவர்களை நம்பலாமா என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அப்படிப்பட்ட பகுதியில் பல ஆண்டுகள் போய்வந்து வேலை செய்வது, இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் நடத்துவது போன்றது இல்லை.

பெண்கள் ஏன் முன்னால் நிற்கிறார்கள்?

தண்ணீர், சமையல், சுத்தம், பராமரிப்பு. வீட்டிலும் ஊரிலும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலைகள் இவை. 1970களின் பெண்ணியக் கலைஞர்கள் இந்த வேலைகளையே கலைக்குள் கொண்டுவந்தார்கள்.

நியூயார்க்கின் மியர்ல் லேடர்மன் யூக்லீஸ் நல்ல உதாரணம். 1969இல், குழந்தை வளர்ப்பும் வீட்டுவேலையுமே தன் கலை என்று ஓர் அறிக்கை எழுதினார். 1979-80இல் அந்த நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் நேரில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து நன்றி சொன்னார். குப்பை அள்ளுபவருக்குக் கை கொடுக்க யோசிக்கும் எந்த ஊருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இதே பாதையில் வந்த சூசன் லேசி, 2015 முதல் 2017 வரை இங்கிலாந்தின் லங்காஷயரில் வேலை செய்தார். பிரையர்ஃபீல்டு என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு பெரிய பஞ்சாலைதான் களம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தொழிலாளர்களும், பின்னாளில் தெற்காசியாவிலிருந்து வந்தவர்களும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஆலை மூடியதும் சந்திக்க ஓர் இடம் இல்லாமல் போனது. ஒரே ஊர், ஆனால் இரண்டு தனித்தனி வாழ்க்கை.

லேசியும் உள்ளூர்க்காரர்களும் ஆலையின் பழைய தொழிலாளர்களிடம் பேசிப் பதிவு செய்தார்கள். 2016இல் காலியான அதே ஆலைக்குள் இரண்டு வகைப் பாட்டுகள் சேர்ந்து ஒலித்தன. ஒன்று சூஃபிகளின் திக்ர், இன்னொன்று 'ஷேப் நோட்' எனப்படும் கிறிஸ்தவக் கூட்டுப்பாடல். திக்ர் பாடுபவர்கள் வட்டமாக அமர்வார்கள், ஷேப் நோட் பாடுபவர்கள் சதுரமாக. இரண்டிலுமே பாடுகிறவர்கள் சாதாரண மக்கள்தான். கடைசியில் சுமார் 500 பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதிலிருந்து உருவான படத்துக்கு 'வட்டமும் சதுரமும்' என்று பெயர். யாரும் தங்கள் பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர் பாட்டைப் பக்கத்தில் நின்று கேட்டார்கள், சேர்ந்து பாடவும் செய்தார்கள்.

இதில் விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

முதல் விமர்சனம், 'இது சமூக சேவைதானே, இதை எதற்குக் கலை என்கிறீர்கள்?' பிரிட்டன் விமர்சகர் கிளேர் பிஷப் 2006இலேயே இந்த விவாதத்தைக் கூர்மையாக்கினார். நல்ல நோக்கம் இருக்கிறது என்பதற்காகக் கலையாக அதை எடை போடாமல் விட்டுவிடக் கூடாது என்பது அவர் வாதம். கெஸ்டர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். மக்களுக்கிடையே நடக்கும் உரையாடலிலேயே கலை இருக்கிறது என்கிறார். சண்டை இன்னும் முடியவில்லை.

இரண்டாவது விமர்சனம் இன்னும் கனமானது. வெளியிலிருந்து வரும் கலைஞரிடம் ஆங்கிலம், நிதி, கண்காட்சித் தொடர்புகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரரிடம் அது இல்லை. அப்போ பரிமாற்றம் என்ற பெயரில் ஒரு பக்கம் உழைப்பும் கதையும் போக, மறுபக்கம் புகழ் சேருமா?

கொண்டாகாவோனும் இந்தக் கேள்விக்கு விதிவிலக்கு இல்லை. கூட்டுப் படைப்புகளில் சாந்திபாய், ராஜ்குமார், கெஸ்ஸுராம் பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. எம்போரியத்து விலைச்சீட்டிலிருந்து பார்த்தால் அது பெரிய மாற்றம். ஆனால் 2018இல் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பெரிய பின்னோக்குக் கண்காட்சி நடந்தது நவ்ஜோத்தின் பெயரில்தான். ஏன், இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர்தானே முதலில் வந்தது? சேர்ந்து வேலை செய்வது எளிதாகிவிடலாம். பெயரைச் சமமாகப் பங்கிட நம் கேலரிகளுக்கும் ஊடகங்களுக்கும் இன்னும் பழகவில்லை.

வேறு வழி உண்டா?

க்யூபக் கலைஞர் தானியா புருகேரா ஒரு வழியை முயன்றார். 2011இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள கொரோனாவில், க்வீன்ஸ் மியூசியம், 'க்ரியேட்டிவ் டைம்' ஆகியவற்றோடு சேர்ந்து புலம்பெயர்ந்தவர்களுக்கான ஒரு மையத்தைத் திறந்தார். ஆங்கில வகுப்பு, சட்ட ஆலோசனை, கலைப் பயிற்சி எல்லாம் அங்கே நடந்தன. அவரே ஓராண்டு புலம்பெயர்ந்தவர்களோடு ஒரே வீட்டில் தங்கினார். சில ஆண்டுகளில் மையத்தை நடத்தும் பொறுப்பு அதைப் பயன்படுத்திய மக்களின் கைக்குப் போனது. கலைஞர் விலகிய பிறகும் 'சென்ட்ரோ கொரோனா' என்ற பெயரில் அவர்கள் அதை நடத்தினார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் 'கலாசாரப் பரிமாற்றம்' என்று ஒரு பேனர் தெரிந்தால், உள்ளே போய் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். என்ன செய்வது என்று முடிவெடுத்தவர்களில் ஊர்க்காரர்கள் இருந்தார்களா? வந்தவர்கள் கிளம்பிய பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்? பெயர்ப் பலகையில் யார் யார் பெயர் இருக்கிறது?

நல்பர் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடும். தண்ணீர் பிடிக்கும் பெண்களைக் கேட்டுத்தான் அந்தச் சுவர் எழுந்தது, குடத்தை ஏற்றி வைக்க மாடமும் மிஞ்சியது. மூன்றாவது கேள்விக்குக் கொண்டாகாவோன் கலைஞர்கள் பதிலைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். அதை முடிக்க வேண்டியது கண்காட்சி நடத்துகிறவர்களும், எங்களைப் போல் எழுதுகிறவர்களும்தான்.