முகிற் கணிமையும் பெரட்டுக் களமும்: தோட்டச் செயற்றிட்டங்களில் வள முகாமை பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் பெருந்தோட்டங்களில் வேலைப் பங்கீடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரட்டுக் களத்திலேயே நடைபெற்று வந்துள்ளது. எந்த மலைக்கு எத்தனை பேர் என்பது விடியற்காலையில் அங்கு முடிவாகும். பின்னர் செக்ரோலில் பேர் விழும். அவ்வேடு வெறும் கணக்கேடு அன்று. ‘துண்டு’ முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, கடன் தொகை குறித்த ஒரு காகிதமே தொழிலாளி எங்கு வேலை செய்யலாம் என்பதை நிர்ணயித்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. உடைமை இவ்வாறு மாறியபோதும் ஏடு நிர்வாகத்தின் ஏடாகவே இருந்து வந்துள்ளது.

இன்று மின்னணுத் தராசும் கணினிக் கணக்கும் தோட்டங்களுள் நுழைந்துள்ளன. இதன் அடுத்த படி முகிற் கணிமையை அடிப்படையாகக் கொண்ட செயற்றிட்ட அட்டவணை மென்பொருளாகும். இம்மாற்றத்தின்போது வளங்களை எவ்வாறு கணக்கிடுதல் வேண்டும் என்பதை, இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதி போன்ற தாழ்நிலத் தோட்டச் சூழலை முன்வைத்து இங்கு நோக்குவோம்.

தோட்டத்திற் செயற்றிட்டம் எது?

வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை 1910களில் ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பரவச் செய்தார். எந்த வேலை தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்பதைக் கணிக்கும் முறைகள் 1950களின் பிற்பகுதியில் உருவாயின. முகில் மென்பொருள் இக்கணிப்புகளையே செய்கிறது. ஆயின் தரவும் நிரலும் தோட்டக் கந்தோரின் கணினியில் இருப்பதில்லை. தொலைவிலுள்ள வழங்கியில் இருந்து, இணையத்தின் வழியாகப் பலருக்கும் ஒரே வேளையில் கிட்டுகின்றன.

தோட்டத்தில் இவ்வகைத் திட்டத்திற்கு மிகவும் பொருந்துவது மீள்நடுகையாகும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மண் வளம் பெறும் பொருட்டு, குவாத்தமாலா அல்லது மானாப் புல் ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்கள் வளர்க்கப்படும். நாற்றுமேடைக் கன்றுகள் அதற்கேற்ற பருவத்தில் ஆயத்தமாதல் வேண்டும். நடுகை மழையோடு இசைதல் வேண்டும். இறப்பர் நட்டால் பால்வெட்டுத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். இந்த நீண்டகால வேலைக்கு வேண்டிய ஆட்கள், அன்றாடம் கொழுந்து பறிக்கும் அதே ஆட்களே. சிக்கல் இங்குதான் தோன்றுகின்றது.

பேரும் வரவும்

ஒரு பிரிவில் 60 பேர் பதிவில் உள்ளனர். சராசரியாக வேலைக்கு வருவோர் 45 பேர் எனக் கொள்வோம். கொழுந்துக்கு 32, நடுகைக்கு 10, புல்வெட்டுக்கு 8 என நாளொன்றுக்கு 50 பேர் தேவை. மென்பொருளில் 60 என்று பதிந்தால் 10 பேர் மிகுதி என அது காட்டும். உண்மையான வரவாகிய 45 ஐப் பதிந்தால் 5 பேர் குறைவு என்பது வெளிப்படும். கொழுந்தை ஒத்திவைக்க இயலாது. ஏறத்தாழ ஏழு நாட்களுக்கொருமுறை வரும் சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். நடுகை மழையோடு கட்டுண்டது. ஆகவே ஓரளவு தள்ளிவைக்கத்தக்கது புல்வெட்டு ஒன்றே. எட்டுப் பேர் ஆறு நாளில் முடிக்கும் 48 ஆள்நாள் வேலையை எஞ்சிய மூவரிடம் விட்டால் அது 16 நாட்களாக நீளும். வளச் சமப்படுத்தல் என்பது இதுவே.

பதிவெண்ணிக்கையையே வலுவாகக் கொண்டு திட்டமிட்டால் அந்த ஐவரின் வேலையும் வந்தவர்கள் தலையில் விழும். அட்டவணை பிழையென்று எவரும் சொல்லார். தொழிலாளர் சோம்பினர் என்பர். மென்பொருள் மாற்றத்தில் தொழிலாளருக்குள்ள முதலாவது ஆபத்து இதுவாகும்.

மாற்றத்திற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, பெயர்ப் பட்டியலைச் சீர்செய்தல். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் இருவிதமாக எழுதப்பட்டிருந்தால் மென்பொருள் ஒருவரை இருவராக எண்ணும். வலு பொய்யாகப் பெருகும். தொழிலாளி வயது முதிர்ந்து ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போதும் இதே எழுத்து வேறுபாடு அலைச்சலைத் தரும். எனவே பட்டியலைத் தமிழில் வாசித்து, ஒவ்வொருவரிடமும் சரிபார்த்த பின்னரே ஏற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, நாட்காட்டி. பிற நாட்டுக் கந்தோர்களுக்கென அமைந்த நாட்காட்டியில் போயா விடுமுறையும் இல்லை, தைப்பொங்கலும் தோட்டத் திருவிழாவும் இல்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பிரதேசத்தில் பால்வெட்டு இயலாத நாட்கள் பல. மழை நாட்களைத் தோட்டத்தின் பழைய ஏடுகளிலிருந்தே திரட்டலாம்.

மூன்றாவது, இணைப்பு. மலைச்சரிவில் அலைவரிசை எங்கும் கிட்டாது. பதிவைக் கருவியிலேயே காத்து, இணைப்புக் கிட்டும்போது அனுப்பும் வசதியின்றேல் அன்றைய பேர் விடுபடும்.

நான்காவது, பழைய ஏட்டையும் புதிய மென்பொருளையும் ஒரு சம்பள மாதமேனும் அருகருகே நடத்துதல். இரண்டும் முரண்பட்டால் எது சரி என்பதைக் கங்காணியும் தொழிலாளியும் இருக்கையில் தீர்த்தல் வேண்டும். எந்தச் சரிவு வழுக்கும், பிள்ளைக்காம்பிராவில் குழந்தையை விட்டவர் எந்த மலைக்குச் செல்ல முடியும் என்பன எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவர்களுடைய அறிவில் உள்ளன.

ஐந்தாவது, ஒப்பந்தம். சந்தா முடிந்த பின்னர் தரவை முழுமையாகத் திரும்பப் பெறும் உரிமை எழுத்தில் இருத்தல் வேண்டும். இன்றேல் பல்லாண்டு வரவுக் கணக்கு பிறர் கையில் தங்கிவிடும்.

ஏடு எவருடையது?

இம்மென்பொருட்களில் மனிதரும் உரமூட்டையும் லொறியும் ‘வளம்’ என்ற ஒரே பட்டியலில் வருகின்றனர். கணிப்புக்கு இது வசதி; ஆயின் உரமூட்டை தன்னைப் பற்றிய பதிவு பிழையென்று முறையிடுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழை திருத்தக் கோரவும் உள்ள உரிமைகளை ஏற்கின்றது. அவ்வுரிமை லயத்தில் வாழும் பெண்ணுக்குப் பயன்படவேண்டுமாயின், தன் பேரையும் கொழுந்தின் நிறையையும் அன்றன்றே தமிழிற் காணும் வழி அவளுக்கு அமைதல் வேண்டும்.

முகில் மென்பொருள் தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. பெரட்டுக் களத்தில் ஒருவர் மட்டும் பார்த்த ஏட்டைப் பலரும் பார்க்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. யார் பார்க்கலாம் என்ற அனுமதியை வழங்குவது மனிதரே. ஆகவே தோட்டங்களில் இம்மாற்றம் பேசப்படும் இடங்களிலெல்லாம், விலையும் வேகமும் பேசப்படுமுன் அவ்வனுமதி பற்றிய கேள்வியைத் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழக ஆய்வாளரும் எழுப்புதல் அவசியம் என்பது எமது கருத்தாகும்.