எலிக்கு எமன் கூகை

நெல் வயலில் தூர் கட்டும் பருவம் முதல் அறுவடை வரை எலித் தொல்லை ஓய்வதில்லை. எலிகள் தூர்களைக் கடித்து வெட்டுவதோடு, கதிர்களை வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்தும் வைக்கின்றன. இவற்றைக் கூலியின்றிப் பிடிக்கும் பறவை கூகை. ஆனால் இது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அஞ்சி, ‘சாவுக்குருவி’ எனப் பெயரிட்டுக் கல்லெறிந்து விரட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதனால் நட்டமடைவது உழவரே.

கோபுரம், பாழடைந்த கட்டடம், மரப்பொந்து ஆகியவற்றில் கூகை தங்கும். இதன் இறகு ஓரங்கள் மென்மையாக இருப்பதால் பறக்கும் ஓசை எலிக்குக் கேட்காது. காதுகளில் ஒன்று சற்று மேலும் மற்றொன்று கீழும் அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் சலசலப்பைக் கொண்டே எலி இருக்கும் இடத்தை அறிந்துவிடும்.

உருண்டையே சாட்சி

கூகை பெரும்பாலும் எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாக வாய்வழியே கக்கிவிடும். இது தங்கும் இடத்தின் அடியில் இவ்வுருண்டைகளைக் காணலாம். பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று காட்ட இது ஏற்ற பாடம். உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, குச்சியால் பிரித்து, மண்டை ஓடுகளை எண்ணினால் எத்தனை எலிகள் இரையாயின என்பது விளங்கும். பின்னர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வயலில் தாங்கிகள்

திறந்த வயலில் கூகையும் புள்ளி ஆந்தையும் அமர்ந்து வேட்டையாட இடம் தேவை. மூங்கில் கழியின் உச்சியில் குறுக்குக் குச்சி கட்டி, ‘டி’ எழுத்து வடிவில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். குறுக்குக் குச்சி பயிருக்கு மேல் நன்கு தெரிய வேண்டும். பகலில் கருந்தோள் பருந்தும் இதில் அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் தாங்கிகளை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் நெல் கொத்தும் பறவைகள் வந்து அமரும்.

நஞ்சில் கவனம்

புரோமோடயலோன் போன்ற நஞ்சை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் மடியும். இரை கொண்டுவரும் பறவை மடிந்தால் பொந்திலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் சாகும். ஆகவே இயன்றவரை தஞ்சாவூர் கிட்டியை வைத்தும், வளைகளைத் தோண்டியும் எலிகளைப் பிடிப்பதே நல்லது. நஞ்சு வைக்க நேர்ந்தால் செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

கூகை ஒன்றே எலிகளை அடியோடு ஒழித்துவிடாது. மற்ற முறைகளோடு சேரும்போது செலவு குறையும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையைக் கொல்வது குற்றமாகும். கூகை தங்கும் பழைய மரத்தை வெட்டாமல் விடுவதும் பயிர்ப் பாதுகாப்பே.