முட்டைப்பந்து – 6: ஆறு சிலிங்கும் அரைப்பேரும்

போன கிழமை 1895இல், ஹடர்ஸ்ஃபீல்ட் ஜோர்ஜ் ஹோட்டலில் விட்டேன். வட இங்கிலாந்துக் கழகங்கள் லண்டனோடு கோபித்துக்கொண்டு ‘நோர்தன் யூனியன்’ என்று பிரிந்த இடம். இன்றைய றகர் லீக்கின் பிறப்பிடம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டுங்கள். இந்தக் கிழமை தரவளை மைதானத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். போவோம். வழியில் ஒரு கணக்கு குறுக்கே விழுந்துவிட்டது.

சண்டை ஆட்டமுறையைப் பற்றியது அல்ல. ஆறு சிலிங்கைப் பற்றியது. பஞ்சாலையிலும் சுரங்கத்திலும் சனிக்கிழமையும் அரைநாள் வேலை. வெளியூரில் ஆட்டம் என்றால் வேலையை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அந்த நேரத்துக் கூலி போய்விடும். போன கூலியைக் கழகம் கொடுக்கட்டும், நாளொன்றுக்கு ஆறு சிலிங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள் வடக்கர். கட்டுப்படியாகாதவன் ஏன் விளையாட வேண்டும் என்பதுதான் லண்டன் கனவான்களின் நிலை. கொழுந்து நிறை குறைந்து, அரைநாள் கூலியாக அரைப்பேர் விழுந்த நாளின் வயிற்றெரிச்சல் தெரிந்த தோட்டத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இனி வருவதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாத செய்தி. 1898இல் நோர்தன் யூனியன் காசுக்கு விளையாடுவதை முழுதாக அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: தொழில்முறை வீரனுக்கு வேறொரு தொழில் இருந்தாக வேண்டும்! மைதானத்துக்கு வெளியே உண்மையாக உழைப்பவன் மட்டுமே மைதானத்துக்குள் சம்பளம் வாங்கலாம். வேலை போனால் ஆட்டமும் போச்சு. எந்த வேலையும் செல்லுமா? செல்லாது. பில்லியர்ட்ஸ் மேசையருகே புள்ளி எண்ணுபவன், மதுக்கடையில் பரிமாறுபவன் எல்லாம் கணக்கில் சேர்த்தியில்லை. கழகங்கள் பெயருக்கு ஒரு வேலையைக் கொடுத்து ஆளை வைத்துக்கொள்ளும் என்ற பயம். 1905 வரை இந்த விதி நின்றது.

இதை ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் சொன்னேன். பிளேன்டீயைக் கீழே வைத்தார். “அது சரி தம்பி, அங்க பேர் போடுறது யாரு?” என்றார். நாற்பது வருடம் செக்ரோல் எழுதிய கை அல்லவா, நேரே அங்கேதான் போகிறது. பேர் போட்டது நோர்தன் யூனியனின் கமிட்டி. இன்னாருக்கு இன்ன வேலை என்று அதன் முன் நிரூபிக்க வேண்டும். “அப்ப அதுவும் பெரட்டுதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி கிளாஸை எடுத்தார்.

தரவளைக்குப் போகும் பாதை கொழும்பு வழியாகவும் போகிறது. 1907இல் வெலிங்டன் தபால் கந்தோர் கிளார்க் ஆல்பர்ட் பாஸ்கர்வில், இந்த நோர்தன் யூனியனோடு மோத நியூசிலாந்திலிருந்து ஓர் அணி திரட்டினார். வீரர்கள் ஆளுக்கு 50 பவுண் போட்டு, இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ‘ஓல் கோல்ட்ஸ்’ என்று சிட்னிப் பத்திரிகைகள் நையாண்டி செய்தன. கூடவே கப்பலேறியவர் சிட்னியின் டாலி மெசெஞ்சர். இன்றும் அவுஸ்திரேலிய லீக்கின் உயர்ந்த விருது ‘டாலி எம்’ அவர் பெயரில்தான். அந்தக் கப்பல் செப்டம்பரில் கொழும்பைத் தொட்டது. அணி இறங்கி, பழைய றகர் யூனியன் விதிப்படியே சிலோன் அணியோடு ஆடி 33–6 என்று வென்றுவிட்டுப் போனது.

லண்டன் சட்டப்படி காசுக்காரனோடு ஆடியவனும் தீட்டுப்பட்டவன். அன்றைய சிலோன் றகர் என்றால் துரைமாரும் கொழும்புக் கம்பனிக்காரரும் பட்டாளத்தாரும்தான். காசு வாங்காமல் விளையாடுவதைப் பெருமையாகப் பேசியவர்கள் காசுக்காரர்களோடு பந்துக்கு மல்லுக்கட்டினார்கள். சிலோன் றகர் யூனியன் உருவானதே அடுத்த வருடம், 1908 ஓகஸ்டில்.

பாஸ்கர்வில் அதைப் பார்க்கவில்லை. அந்த வருடம் மே மாதமே, ஊர் திரும்பும் வழியில், பிரிஸ்பேனில் நிமோனியாவில் இறந்தார். வயது 25. மெசெஞ்சர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்துக்கு ஆடி 1913இல் ஓய்ந்தார். லண்டனின் றகர் யூனியன் காசைக் கையால் தொட 1995 வரை, சரியாக நூறு வருடம் பிடித்தது.

தரவளைக்கு இடம் போதவில்லை. ஆசிரியர் பக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். அங்குள்ள டிக்கோயா – மஸ்கெலியா கழகம் 1868இலேயே தொடங்கியது. அங்கே ஆடிய துரைக்கு மாதச் சம்பளம், சனிக்கிழமை பந்தோடு ஓடினாலும் அரைப்பேர் விழாது. காசு வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது அதனால்தான். கோல் கம்பம் நட்டவனுக்கு அன்று என்ன பேர் விழுந்தது என்பதை அடுத்த கிழமை பார்ப்போம். ரதல்லை மைதானமும் வரும், இடம் கிடைத்தால்.