இணையவழி மக்கள் பங்கேற்பு: ஐஸ்லாந்தின் அனுபவம்

வெளிப்படையான ஆட்சி பற்றி வினவினால் மாணவர் பலர் "அரசு தகவல்களை இணையத்தளத்தில் வெளியிடல்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது பாதி விடைதான். அறிந்துகொள்வது வேறு, ஆக்கத்தில் பங்குகொள்வது வேறு. ஐஸ்லாந்தை உதாரணமாகக் கொள்ளுங்கள்.

2008 ஒக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. ஆட்சியாளர் மீதிருந்த நம்பிக்கையும் அவற்றோடு போயிற்று. புதிய அரசியலமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2011 இல் 25 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை வரைபைத் தயாரிக்கத் தொடங்கியது. எழுத எழுதவே வாசகங்களை இணையத்தளத்தில் இட்டது. மக்கள் அங்கும் முகநூலிலும் கருத்துக் கூறினர். வாசகங்கள் திருத்தப்பட்டு மீண்டும் வெளியாகின. மூடிய அறையில் எழுதி முடித்தபின் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். (சனத்தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு என்பதும் இதற்கு வாய்ப்பாயிற்று.)

2012 ஒக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வரைபை ஆதரித்தனர். ஆயினும் அது ஆலோசனை வாக்கெடுப்பு மாத்திரமே. பாராளுமன்றமாகிய அல்திங் வரைபை நிறைவேற்றவில்லை. 1944 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே இன்றும் நடைமுறையில் உள்ளது. "மட்டுப்பாடுகளை விளக்குக" என்று கேட்டால், புள்ளி இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்.